36 கேள்விகளும் ஒரு தனி அறையும்: குழந்தையின்மையில் வாழ்க்கை நலனை அளக்கப் புதிதாக வருபவர்களுக்கு

காலை ஏழு மணிக்கே டோக்கன் வாங்கிக்கொண்டு ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம், நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், "உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். வியாசர்பாடியிலிருந்து வந்தவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாடகை வீடுதான் மேடம். தண்ணீருக்குக் கஷ்டமில்லை" என்றார்.

அவர் சொன்னதில் பிழையே இல்லை. தமிழில் வாழ்க்கைத் தரம் என்றால் வீடு, வருமானம், வசதி. நான் கேட்க நினைத்தது வேறு. ஆறு வருடமாகக் குழந்தைக்காகக் காத்திருப்பது உங்கள் தூக்கத்தை, வேலையை, கணவரோடு பேசுகிற பேச்சை, கல்யாண வீட்டுக்குப் போய்வருவதை என்ன செய்திருக்கிறது என்பதே என் கேள்வி. ஆய்வுக் கட்டுரையில் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் "இப்போது உங்கள் வாழ்க்கை எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது?" என்று கேளுங்கள்.

சென்னையில் உளவியல், சமூகப்பணி, செவிலியர் படிப்பு மாணவர்கள் ஆண்டுதோறும் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கருத்தரிப்பு மையங்களில் புதிதாகச் சேரும் ஆலோசகர்களும் வருகிறார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தப் படிவம்

கருத்தடை எதுவும் இல்லாமல் 12 மாதம் அல்லது அதற்கு மேல் முயன்றும் கரு தரிக்காவிட்டால் குழந்தையின்மை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் இதைச் சந்திக்கிறார் என்பது அதே நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணக்கு. ஆய்வில் யாரைச் சேர்க்கலாம் என்று முடிவு செய்ய இந்த வரையறை போதும்.

இந்தத் துறைக்கென்றே செய்யப்பட்ட படிவம் ஃபெர்ட்டிகால் (FertiQoL). ஜாக்கி பாய்வின், ஜேனட் டேக்ஃப்மேன், ஆண்ட்ரியா பிரேவர்மேன் ஆகிய மூவர் உருவாக்கி 2011இல் வெளியிட்டார்கள். ஐரோப்பிய, அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கங்கள் இரண்டும் பின்னால் நின்றன. மருந்து நிறுவனமான மெர்க் செரோனோ நிதி கொடுத்தது. இதை ஒளிக்க வேண்டியதில்லை, உங்கள் கட்டுரையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மொத்தம் 36 கேள்விகள். அவற்றில் 24 அடிப்படைக் கேள்விகள். மனநிலை, உடலும் மனமும், கணவன் மனைவி உறவு, ஊர் உறவு என்று நான்கு பிரிவு, பிரிவுக்கு ஆறு. சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மட்டும் இன்னும் 10. இதில் ஆறு, மருத்துவமனையில் நடத்தப்படும் விதத்தையும் கிடைக்கும் தகவலையும் பற்றியவை. நான்கு, ஊசியையும் மருந்தையும் தாங்க முடிகிறதா என்பதைப் பற்றியவை. மீதி இரண்டு, உடல்நலத்தையும் வாழ்க்கையையும் மொத்தமாகக் கேட்பவை. சிகிச்சையை இன்னும் தொடங்காதவருக்கு அந்தப் பத்தைக் கொடுக்காதீர்கள். ஊசியே போடாதவர் ஊசியின் பக்கவிளைவுக்கு ஏதாவது ஒன்றை டிக் அடித்துத்தான் வைப்பார்.

பொதுவான படிவம் வேண்டுமென்றால் உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விப் படிவம் இருக்கிறது. சர்க்கரை நோயாளியோடு, சிறுநீரக நோயாளியோடு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கும். ஃபெர்ட்டிகால் இப்போதைய எண்ணத்தையும் உணர்வையும் கேட்கும். உலக சுகாதார நிறுவனம் தன் வாழ்க்கை நலப் படிவத்தை உருவாக்க உலகமெங்கும் தேர்ந்தெடுத்த 15 மையங்களில் நம் ஊரும் ஒன்று, அப்போது மெட்ராஸ். ஆகவே அந்தப் படிவத்துக்குத் தமிழ் புதிதல்ல. ஆனால் வளைகாப்புக்குக் கூப்பிடாமல் விட்ட வலியை அது கேட்காது.

மூன்றாவதாக மனச்சோர்வைப் பார்க்கும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று உண்டு. புதிதாக வருபவர்கள் மூன்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போவார்கள். 36, 26, 9, மொத்தம் 71. பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போக வேண்டியவரிடம் 71 கேள்வியை நீட்டினால், நாற்பதுக்குப் பிறகு வருவது பதிலல்ல, ஒரே நேர்கோட்டில் இறங்கும் டிக். என் பரிந்துரை: ஃபெர்ட்டிகாலை முதன்மையாக வையுங்கள், கூட ஒன்றை மட்டும் சேருங்கள்.

தமிழ் வடிவம்: இங்கேதான் நேரம் போக வேண்டும்

ஃபெர்ட்டிகால் பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. அதிகாரபூர்வப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்ப்பைப் பற்றி நினைக்க வேண்டும். நீங்களே பெயர்க்க நேர்ந்தால் முறை இது: இருவர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும். இரண்டையும் வைத்து ஒன்றாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு ஐந்தாறு பேரிடம் கேள்வியை வாசித்துக் காட்டி, "இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். வாழ்க்கைத் தரமும் வாடகை வீடும் போன்ற விபத்துகள் அங்கேதான் பிடிபடும்.

ஒரு கேள்வி பொறாமையைப் பற்றியது. "உங்களுக்குப் பொறாமை வருகிறதா?" என்று தமிழில் கேட்டுப் பாருங்கள். சென்னையில் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். பொறாமை நம் பேச்சில் ஒரு உணர்வின் பெயரல்ல, ஒரு குற்றச்சாட்டு. ஒருவர் சொன்னார்: "பொறாமை எல்லாம் இல்லை. என் நாத்தனார் குழந்தையைத் தூக்கும்போது கை நடுங்கும், அவ்வளவுதான்." சரி, ஏக்கம் என்று மாற்றலாமே என்று தோன்றும். மாற்றினால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், ஆனால் அளக்கிற பொருளே மாறிவிடும். ஏக்கத்தில் அடுத்தவர் மீது கசப்பு இல்லை. அந்தக் கேள்வி தேடுவது அந்தக் கசப்பைத்தான். கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது, சொல்லை மாற்றாமல் கேள்வியின் வாசலை மாற்றியது: "குழந்தை உள்ளவர்களைப் பார்க்கும்போது சிலருக்கு உள்ளுக்குள் எரிச்சலோ பொறாமையோ வருவதுண்டு. உங்களுக்கு?" நீங்களே பெயர்க்கும் வரைவில் இப்படிச் செய்யலாம். வெளியிடப்பட்ட அதிகாரபூர்வ வடிவத்தில் ஒரு சொல்லைக்கூட நீங்களாக மாற்றக் கூடாது. மாற்றினால் மற்ற ஆய்வுகளோடு உங்கள் எண்ணை ஒப்பிட முடியாது.

இன்னொன்று சோர்வு. உடல் அசந்துபோவது ஒரு கேள்வி, உள்ளே இருந்ததெல்லாம் வற்றிப்போன நிலை இன்னொரு கேள்வி. பாடநூல் தமிழில் இரண்டும் சோர்வு ஆகிவிடும். ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கிறார்கள் என்று நினைத்து இரண்டாவதைத் தாண்டிவிடுவார்கள். முதலாவதற்கு அசதி என்று போடுங்கள், இரண்டாவதற்குத் துவண்டுபோவது என்று போடுங்கள். பாலுறவைப் பற்றிய கேள்விக்குத் தாம்பத்தியம் என்ற சொல் நன்றாகவே வேலை செய்கிறது. வாரப் பத்திரிகைக் கேள்வி பதில் பகுதிகள் பல ஆண்டுகளாக நமக்குச் செய்து வைத்திருக்கும் உபகாரம் அது.

பதில் கட்டங்களையும் கவனியுங்கள். நடுக்கட்டம், திருப்தியும் இல்லை அதிருப்தியும் இல்லை என்பது. வாய்விட்டு வாசிக்கும்போது அதைச் சுருக்கிப் "பரவாயில்லை" என்று சொல்லிவிடுகிறோம். பரவாயில்லை நடுவில் நிற்கிற சொல்லா? நம் ஊரில் காய்ச்சல் 102 இருந்தாலும் பரவாயில்லை, மாப்பிள்ளை லட்சணமாக இருந்தாலும் பரவாயில்லை. அது எல்லாவற்றையும் விழுங்கிவிடும். முழு வாக்கியத்தையே வாசியுங்கள், அலுப்பாக இருந்தாலும்.

தனி அறை

அனுமதியிலிருந்து ஆரம்பியுங்கள். மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதல் கையில் வரும்வரை ஒரு படிவத்தையும் வெளியே எடுக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டு நெறிகள் சொல்வதும் அதுதான்: பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கம், விருப்பமான சம்மதம், எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை. "நீங்கள் மறுத்தாலும் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது" என்ற வரியைத் தாளில் மட்டும் விடாமல் வாயாலும் சொல்லுங்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர் கேட்டால் மறுக்கக் கூடாது என்று நினைப்பவர்களே அதிகம். நான் கோட்டைக் கழற்றிவிட்டுத்தான் போகிறேன்.

அடுத்தது கூட வந்தவர்கள். நான் பயிற்சியில் இருந்த ஒரு மருத்துவமனையில் தனி அறை கிடையாது. காத்திருப்புக் கூடத்தின் பெஞ்சில் வைத்தே நிரப்பச் சொன்னார்கள். ஒரு பெண், இருபத்தெட்டு வயது இருக்கும், பக்கத்தில் மாமியார், மடியில் ஸ்கேன் ஃபைல். குழந்தை பெற்றுக்கொள்ளச் சொல்லி வீட்டில் நெருக்குகிறார்களா என்ற கேள்வியில் பேனா நின்றது. மாமியார் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். பேனா நகர்ந்து "ஒருபோதும் இல்லை" கட்டத்தில் டிக் அடித்தது. படிவத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பதிலை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அன்றைக்குப் பெஞ்சில் நிரப்பிய எதையும் சேர்க்கவில்லை.

அதனால் கதவுள்ள ஓர் இடம் வேண்டும். ஸ்டோர் ரூம் ஆனாலும் சரி. கூட வந்தவரை வெளியே அனுப்ப ஒரு நயமான வழி, அவருக்கும் ஒரு வேலை கொடுப்பது. "அம்மா, பில்லிங் கவுண்டரில் இந்தச் சீட்டுக்கு சீல் வாங்கி வருகிறீர்களா?" என்றால் போய்விடுவார்கள்.

கணவருக்குத் தனிப் படிவம், தனி நாற்காலி, முடிந்தால் தனி நேரம். இருவரும் சேர்ந்து ஒன்றை நிரப்பக் கூடாது. ஆண்களின் மதிப்பெண் பொதுவாகப் பெண்களைவிட உயர்ந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைப் பார்த்து அவர்களுக்குக் கவலையில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விந்துப் பரிசோதனை முடிவு கைக்கு வந்த நாளில் ஒரு ஆண் படிவத்தை நிரப்புகிற வேகத்தைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நிமிடம், எல்லாம் "மிக நன்று".

வாசிக்கத் தெரியாதவருக்கு நீங்கள் வாசித்துக் காட்டலாம். ஒரே குரலில், தலையை ஆட்டாமல், "அப்படியெல்லாம் இருக்காது, இல்லையா?" என்று முடிக்காமல். தானே நிரப்பியதா, வாசித்துக் காட்டியதா என்று படிவத்தின் மூலையில் குறித்துவிடுங்கள்.

எந்த நாள்

கரு வைத்த பிறகு, கரு தரித்ததா என்று சொல்லும் பீட்டா ரத்தப் பரிசோதனை வரையிலான இரண்டு வாரம் ஒரு தனி உலகம். அந்த நாட்களில் நிரப்பிய படிவமும், முதல் முறை டாக்டரைப் பார்க்க வந்த நாளில் நிரப்பியதும் ஒன்றல்ல. முடிவு வருகிற நாளில் யாரிடமும் படிவத்தை நீட்டாதீர்கள், அது ஆய்வுப் பிழையோடு சேர்ந்து மனிதாபிமானப் பிழையும். எந்தக் கட்டத்தில் அளக்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து எல்லோரையும் அதே கட்டத்தில் அளக்க வேண்டும்: முதல் வருகை, ஊசி தொடங்கும் முன், அல்லது சிகிச்சைச் சுழற்சி முடிந்து ஒரு மாதம் கழித்து. முன்பும் பின்பும் ஒப்பிடுகிறீர்கள் என்றால் இன்னும் கறாராக.

கூட்டல்

ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 4 வரை. சில கேள்விகள் தலைகீழாக இருக்கும், அதாவது பெரிய எண் மோசமான நிலையைக் குறிக்கும், அவற்றைத் திருப்பிப் போட்ட பிறகே கூட்ட வேண்டும். எவை என்பது மதிப்பெண் விளக்கத்தில் இருக்கிறது. அதை அச்செடுத்து மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். என் முதல் அட்டவணையில் இதை மறந்துவிட்டேன். சிரித்துக்கொண்டே வந்து போன ஒரு தம்பதி உறவுப் பிரிவில் அதலபாதாளத்தில் இருந்தார்கள். அவர்களை நேரில் பார்த்திருந்ததால்தான் சந்தேகமே வந்தது. கணினியில் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அதற்கு ஒரு விளக்கமும் எழுதியிருப்பேன்.

பிறகு, பிரிவின் கூட்டுத்தொகையை 25ஆல் பெருக்கி, அந்தப் பிரிவிலுள்ள கேள்விகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விடை 0 முதல் 100 வரை வரும். அதிகம் என்றால் நல்லது. ஒரு கற்பனைக் கணக்கு: மனநிலை 11, உடலும் மனமும் 17, கணவன் மனைவி 21, ஊர் உறவு 6. மொத்தம் 55. அடிப்படை மதிப்பெண் 55 × 25 ÷ 24 = 57.3. பார்த்தால் நடுத்தரம், பெரிதாக ஒன்றுமில்லை என்று தோன்றும். பிரித்துப் பாருங்கள்: 45.8, 70.8, 87.5, 25. வீட்டுக்குள் இருவரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்கிறார்கள், வாசலைத் தாண்டினால் மூச்சுவிட முடியவில்லை. 57.3 என்ற எண்ணில் இது எங்கே தெரிகிறது? அதனால்தான் மொத்தத்தை மட்டும் எழுதிக் கொடுக்கும் மாணவரின் தாளைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

விடுபட்ட பதிலை 0 என்று தட்டச்சு செய்யும் பழக்கம் ஒன்று உண்டு. இங்கே 0 என்பது பதில் இல்லை என்பதல்ல, மிக மோசம் என்பது. ஐந்து கேள்விக்கு 10 வாங்கியவருக்கு 10 × 25 ÷ 5 = 50 வர வேண்டும். ஆறாவதற்கு 0 போட்டு வகுத்தால் 41.7 ஆகிவிடும். தாம்பத்தியக் கேள்விதான் இங்கே பெரும்பாலும் வெறுமையாக விடப்படுகிறது. ஆகவே இந்தப் பிழை எல்லாப் பிரிவிலும் சமமாக விழாது, உறவுப் பிரிவையே கீழே இழுக்கும். வெற்றுக் கட்டத்தை வெற்றாகவே வையுங்கள். எத்தனை விடுபட்டால் அந்தப் பிரிவைக் கணக்கிடலாம் என்பதற்கு மதிப்பெண் விளக்கத்தைப் பின்பற்றுங்கள்.

எண் வந்த பிறகு

இது நோயைக் கண்டுபிடிக்கிற கருவி அல்ல. மதிப்பெண் குறைந்தால் மனச்சோர்வு நோய் என்று எழுதக் கூடாது. எங்கே கை கொடுக்க வேண்டும் என்பதை அது காட்டும். மருந்தைத் தாங்கும் பிரிவில் குறைவு என்றால் டாக்டரிடம் ஊசி நேரத்தையும் பக்கவிளைவையும் பேச வேண்டும். உறவுப் பிரிவு என்றால் தம்பதி ஆலோசனை. மருத்துவமனை நடத்துகிற விதத்தில் குறைவு என்றால், அதைத் துறைத் தலைவரிடம் சொல்லுகிற தைரியம் உங்களுக்கு வேண்டும். சொல்லுங்கள், பெயரில்லாமல் தொகுத்துச் சொல்லுங்கள்.

ஒன்பது கேள்விப் படிவத்தைக் கூடச் சேர்த்திருந்தால் அதன் கடைசிக் கேள்வியை அங்கேயே, அவர் எழுந்து போவதற்கு முன், பார்த்துவிட வேண்டும். உயிரோடு இருப்பதைவிடச் சாவது மேல் என்ற நினைப்பைப் பற்றியது அது. இந்தப் படிவத்தில் 0 என்றால் அந்த நினைப்பு அறவே இல்லை என்பது. அது தவிர எந்தப் பதில் வந்தாலும் அன்றே மனநல மருத்துவரிடம் கையோடு அழைத்துப் போக வேண்டும். அறை எண்ணையும் அங்கே யார் இருப்பார் என்பதையும் ஆய்வு தொடங்கும் முன்பே தெரிந்து வைத்திருங்கள். மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸின் எண் 14416, தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104. இரண்டையும் சம்மதப் படிவத்தின் கீழே அச்சடித்துவிடுங்கள்.

குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்ததும் "டென்ஷன் ஆகாதீர்கள், டென்ஷன் ஆனால் கரு தங்காது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அத்தை, பக்கத்து வீடு, ஆட்டோ ஓட்டுநர் வரை எல்லோரும் அவருக்கு அதைச் சொல்லியாகிவிட்டது. பாய்வினும் வேறு இருவரும் 2011இல் 14 ஆய்வுகளை, 3,583 பெண்களின் தரவைச் சேர்த்து அலசினார்கள். சிகிச்சைக்கு முன்னிருந்த மனவருத்தத்துக்கும் அந்தச் சுழற்சியில் கரு தரிப்பதற்கும் தொடர்பு தென்படவில்லை. "நீங்கள் அழுததால் இது தோற்கவில்லை" என்று ஒருவரிடம் சொன்னபோது அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன். மன நலத்தைக் கவனிப்பது கரு தங்குவதற்காக அல்ல, அவருக்காக.

முடிவை அவரிடமே சொல்வதும் வேலையின் ஒரு பகுதி. "எத்தனை மார்க் மேடம்? பாஸா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எண்ணைச் சொல்லாமல் நான்கு கோடு வரைந்து காட்டுகிறேன், நான்கு டம்ளரில் தண்ணீர் மாதிரி. எது நிரம்பியிருக்கிறது, எது வற்றியிருக்கிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். போன மாதம் பெரம்பூரிலிருந்து வந்த ஒருவர் ஊர் உறவைக் காட்டும் நான்காவது டம்ளரின் மேல் விரலை வைத்து, "இது எங்கள் குலதெய்வக் கோவில் திருவிழா" என்றார். மூன்று வருடமாகப் போகவில்லையாம். போனால் ஒவ்வொருவரும் விசேஷம் உண்டா என்று கேட்பார்கள். இந்தத் தடவை போகாமலிருக்க என்ன சொல்லலாம், போனால் யாரிடம் என்ன சொல்லலாம் என்று அரைமணி நேரம் பேசினோம். கிளம்பும்போது அந்தத் தாளைக் கேட்டார். கொடுத்தேன். ஸ்கேன் ஃபைல் மாமியார் கையில் இருப்பது என்பதால், அதை நான்காக மடித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார்.